கீழெல்லையை உயர்த்துதல்: மென்பொருட் கட்டுமானத்தில் ஒரு சிக்கல்

தோற்றுவாய்

எல்லை என்ற சொல்லுக்கு ஓசூர் வட்டாரத்து மக்களிடம் பொருள் விளக்க வேண்டியதில்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கடைப் பலகையின் எழுத்து மாறும். பேருந்தின் நிறம் மாறும். வண்டிக்குரிய வரியும் மாறும். காலையில் ஒரு மாநிலத்தில் கண் விழித்து, பகலில் மறு மாநிலத்தில் உழைத்து, இரவில் மீண்டும் வீடு திரும்புவோர் இங்குப் பல்லாயிரவர். எனினும் ஈண்டு நாம் ஆராயப் புகுவது நிலத்தின் எல்லையை அன்று. ஒரு கருவியின் பதிப்பெண்ணுக்கு இடப்படும் கீழெல்லையை.

தமிழ்த்துறை மலருக்கு இப்பொருள் எவ்வாறு வந்தது எனச் சிலர் வினவக்கூடும். நம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற கணினி அறிவியல் மாணவர் ஒருவர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர், ஒருநாள் வாடிய முகத்துடன் வந்து நின்றார். தமிழ்ச் சொற்பிழை காணும் திறமூல மென்பொருள் ஒன்றை மூல நிரலிலிருந்து தாமே கட்டி, அதனைத் திருத்திப் பார்ப்பது அவருடைய இறுதியாண்டுத் திட்டப்பணி. கணினிக்கூடத்தில் இருந்ததோ 2018ஆம் ஆண்டின் உபுண்டு. கட்டும் பணி முதல் அடியிலேயே நின்றுவிட்டது. 'சீமேக் 3.16 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை, இங்குள்ளது 3.10.2' என்ற பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றியதாம். "ஐயா, பிழை என்னுடையதா, கருவியுடையதா?" என்பது அவர் கேட்ட கேள்வி. இருவருடையதும் அன்று என்று அன்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. கணினித்துறை நண்பர்களிடம் கேட்டும், கருவிகளின் ஆவணங்களைப் படித்தும் பின்னர் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கட்டுமானக் கருவி யாது?

பெரிய மென்பொருள் ஒன்று ஒரே கோப்பில் எழுதப்படுவதன்று. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கோப்புகளாக அது பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் தொகுப்பி என்னும் நிரல் எந்திரமொழிக்கு மாற்ற வேண்டும். மாற்றியவற்றை இணைப்பி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எதை முதலில் மாற்றுவது, எது எதனைச் சார்ந்துள்ளது, நேற்றுத் திருத்திய கோப்பால் இன்று மீண்டும் தொகுக்க வேண்டியவை யாவை என்பனவற்றை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. சிப்காட் தொழிற்சாலையில் வண்டியின் உறுப்புகளைப் பொருத்தும் வரிசையை மேற்பார்வையாளரின் தாள் சொல்வது போல, இவ்வரிசையைக் காத்து நடத்துவதே கட்டுமானக் கருவியின் தொழில்.

இவ்வகைக் கருவிகளுள் புகழ்பெற்ற 'மேக்' 1976இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரால் ஆக்கப்பட்டது. நண்பர் ஒருவர் பிழையைத் திருத்தியிருந்தும், திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்க மறந்து, இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதையே வீணாக்கினார். அதைக் கண்டதே இக்கருவிக்கு வித்து என்று ஃபெல்ட்மன் பின்னாளில் கூறியுள்ளார். அவர் சொன்ன மற்றொரு செய்தி நம் ஆய்வுக்கு மிகவும் வேண்டியது. மேக் கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டாப்' விசையால் இட்ட இடைவெளியுடன் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளியை இட்டால் கருவி முரண்டு பிடிக்கும். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவ்விதி தவறானது என்பதை ஃபெல்ட்மன் சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் அக்கருவியைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழப் பன்னிருவர் சேர்ந்துவிட்டனர், பெரும்பாலோர் நண்பர்கள். அவர்களுக்கு இடையூறு செய்ய மனமின்றி விதியை அப்படியே விட்டுவிட்டார். பன்னிருவர் மேல் காட்டிய அந்த இரக்கத்திற்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டாக உலகெங்கும் நிரல் பயிலும் மாணவர் தண்டம் செலுத்தி வருகின்றனர். 2003இல் அவருக்கு அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுதல் முறை. கருவியின் பெருமைக்கு அக்குறை ஊறு செய்யவில்லை.

நம் மாணவரைத் தடுத்த சீமேக், மேக்கிற்கும் வேறு சில கருவிகளுக்கும் வேண்டிய கட்டளைகளைத் தானே எழுதித் தரும் மேற்கருவி. 2000ஆம் ஆண்டளவில் கிட்வேர் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. மருத்துவப் படிமங்களை ஆராயும் மென்பொருள் ஒன்று பலவகைக் கணினிகளிலும் கட்டப்பட வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம்.

பதிப்பெண்ணும் அதன் இரு பொருளும்

பதிப்பு என்ற சொல் தமிழ்த்துறையாருக்கு அயலானதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின் வந்த பதிப்புகளில் பாடமும் குறிப்பும் செம்மையுற்றன. முதற் பதிப்பை வைத்திருந்தவரின் கையிலிருந்து எவரும் அதைப் பிடுங்கவில்லை. மென்பொருளிலும் பதிப்பு அவ்வாறே வளர்கிறது. ஆயினும் எண்ணும் முறையில் ஒரு மயக்கம் உண்டு. 3.5 பெரிதா, 3.10 பெரிதா? பள்ளிக் கணக்கின்படி 3.5 பெரிது. பதிப்பெண்ணிலோ புள்ளி பின்னத்தைக் குறிப்பதன்று. அதிகாரத்தையும் செய்யுளையும் பிரிப்பது போன்றதொரு குறி. மூன்றாம் வரிசையின் பத்தாம் பதிப்பு, அதே வரிசையின் ஐந்தாம் பதிப்பினும் பிந்தியது. ஆகவே 3.10 பெரிது. நம் மாணவரும் தொடக்கத்தில் இதில் இடறியவரே.

சீமேக் கோப்பின் தலைவரியில், குறைந்தது எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை எழுதியாக வேண்டும். இவ்வரிக்கு இரு பொருள் உண்டு. பலர் ஒன்றையே அறிவர். அறிந்த பொருள்: இதற்குக் கீழ்ப்பட்ட கருவி வந்தால் பணியை நிறுத்துக. அறியாத பொருள்: இதற்கு மேற்பட்ட கருவி வந்தால், இந்தப் பதிப்பின் காலத்து வழக்கப்படியே நடந்துகொள்க. அதாவது அவ்வெண் ஒரு வாயிற்காப்போன் மட்டுமன்று. புதிய கருவியைப் பழைய நடையில் பேச வைக்கும் ஆணையும் ஆகும்.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, னை முதலியவற்றின் வடிவம் மாறிற்று. அச்சகங்கள் எழுத்துருக்களை மாற்றின. ஆனால் பழைய வடிவில் அச்சான நூலைக் கையிலெடுக்கும் முதியவரும் ஆய்வாளரும் இன்றும் தடையின்றிப் படிக்கின்றனர். அவர்கள் கண் இரு வடிவத்தையும் அறியும். சீமேக்கும் நெடுங்காலம் அவ்வாறே பழைய நடை, புதிய நடை இரண்டையும் கற்று வைத்திருந்தது. ஒவ்வொரு பழைய நடையையும் சுமப்பது அதனைப் பேணுவோருக்குப் பாரமாயிற்று. 2016இல் வந்த 3.5க்கு முற்பட்ட நடைகள் கைவிடப்படும் என்று 2023இன் 3.27 பதிப்பு எச்சரித்தது. 2025 மார்ச்சில் வெளியான 4.0 அவற்றை உண்மையாகவே கைவிட்டது. பத்தாண்டுகளாக ஒருவரும் தொடாத, ஆனால் செம்மையாக இயங்கிவந்த எத்தனையோ மூல நிரல்கள், தலைவரியில் 2.8 என்றிருந்த ஒரே காரணத்தால் புதிய கருவியின் முன் நின்றுபோயின. நிரலில் ஓர் எழுத்தும் கெடவில்லை. தலைவரியின் எண் மட்டுமே மூத்துவிட்டது.

இங்கு நமக்குப் புலப்படுவது ஒன்று. கீழெல்லையை மிக உயர்த்தினால் பழைய கணினி உடையோர் வெளியே நிற்பர். உயர்த்தாமலே விட்டால் புதிய கருவி உடையோர் வெளியே நிற்பர். இரு பக்கமும் சாவடி உள்ள எல்லை இது.

உயர்த்துவது எதற்காக?

புதுமை மோகமே காரணம் என்று சொல்வாருண்டு. சிலவிடத்து அது மெய்யே. புதிய கட்டளை ஒன்று எழுத இனிமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கீழெல்லையை உயர்த்தும் திட்டங்களும் உள்ளன. அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் வேறு வகைக் காரணங்களும் உண்டு என்பதற்கு லினக்ஸ் கருவகத்தின் வரலாறு தக்க சான்று.

லினக்ஸைக் கட்டப் பயன்படும் தொகுப்பிகளுள் ஒன்று ஜிசிசி. 2018 வரை அதற்கு உரைக்கப்பட்ட கீழெல்லை 3.2, 2002இல் வந்த பதிப்பு அது. 2018இல் அது 4.6 ஆயிற்று, 2020இல் 4.9, 2021இல் 5.1, 2025இல் 8.1. இவற்றுள் 5.1க்கு உயர்ந்த கதை அறியத்தக்கது. ஆர்ம் வகைச் செயலி பூண்ட 64 பிட்டு எந்திரங்கள் சிலவற்றில், வட்டின் கோப்பமைப்பு காரணமின்றிச் சரிபார்ப்புப் பிழை காட்டிற்று. எப்போதோ ஒருமுறைதான் தோன்றும்; தேடினால் மறைந்துவிடும். வட்டைச் சந்தேகித்தனர், நினைவகத்தைச் சந்தேகித்தனர், கருவகத்தின் நிரலையும் துருவினர். இறுதியில் குற்றம் தொகுப்பியிடம் இருந்தது தெரியவந்தது. ஜிசிசி 4.9, தற்காலிக நினைவிடத்தை விடுவித்த பின்னரும் அவ்விடத்தைப் படிக்கும்படி ஆணைகளை அமைத்திருந்தது. அந்த இமைப்பொழுதில் ஓர் இடைமறிப்பு நேர்ந்தால், அங்கிருந்த தரவு வேறொன்றால் அழிந்துபோகும். சரியாக எழுதப்பட்ட நிரலைத் தவறாக மொழிபெயர்த்த கருவி அது. 2021 சனவரியில் ஆர்ம் 64 பிட்டு எந்திரங்களுக்கும், அதே ஆண்டில் பின்னர் ஏனைய எந்திரங்களுக்கும் கீழெல்லை 5.1 ஆயிற்று. மொழிபெயர்ப்புப் பிழையால் மூலநூலாசிரியர் பழி சுமப்பது இலக்கிய உலகிலும் நாம் காணாததன்று.

இன்னொரு காரணம் இதனினும் எளியது. இதுவே வலியது என்பது நம் கருத்து. ஒரு திட்டத்தின் தலைவரியில் 2.8 என்று எழுதியிருக்கும். ஆனால் அத்திட்டத்தைப் பேணுவோரில் எவர் கணினியிலும் 2.8 இராது. அனைவரும் புதிய கருவியில் கட்டுவர்; புதிய கருவி மட்டுமே அறிந்த கட்டளைகளை அறியாமலே எழுதிவிடுவர். பழைய கருவி உடையவர் அவ்வரியை நம்பி வருவார். நடுவழியில், பொருள் விளங்காத பிழையொன்றில் சிக்குவார். சோதித்துப் பாராத கீழெல்லை வெறும் எழுத்து. அதனினும் எண்ணை உயர்த்தி, வாயிலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது மேல். நம் மாணவருக்குக் கிடைத்த அந்த வரி கடுமையானது எனினும் நேர்மையானது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பின்னர் கைவிரிக்கவில்லை.

ஓசூர் கண்ட கீழெல்லைகள்

மென்பொருள் அறியாத வாசகரும் இச்சிக்கலை உணர நம் வட்டாரமே எடுத்துக்காட்டுத் தருகிறது. 1980இல் ஓசூரில் அசோக் லேலண்டின் ஆலை எழுந்தது; அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. வண்டிகளின் புகைக்கு அரசு வகுக்கும் பாரத் ஸ்டேஜ் நெறியும் ஒருவகைக் கீழெல்லையே. 2010 ஏப்ரலில் நான்கு சக்கர வண்டிகளுக்கு நான்காம் நிலை 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூர் அப்பட்டியலில் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூர் இல்லை. ஒரே நெடுஞ்சாலை, இரு கீழெல்லை. மூன்றாம் நிலை டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். நான்காம் நிலையில் 50 பங்குதான். இரு வகை எரிபொருள், இரு வகை எந்திரம், இரு வகைச் சோதனை என நாடே இரட்டைச் சுமை தாங்கிய காலம் அது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒருசேரத் தாங்கும் மென்பொருள் திட்டம் தினமும் படும் பாடு இதுவே.

பின்னர் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் நான்காம் நிலை என்றாயிற்று. நாள் முன்னரே அறிவிக்கப்பட்டதுதான். ஆயினும் வழக்கு மூண்டது. காரணம், அந்நாளுக்குப் பின் எது கூடாது என்பதில் இருந்த கருத்து வேறுபாடு. மூன்றாம் நிலை வண்டியை உற்பத்தி செய்யக்கூடாது என்பதே பொருள், செய்து முடித்தவற்றை விற்கலாம் என்றனர் உற்பத்தியாளர். 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் அவற்றை விற்பதும் பதிவு செய்வதும் கூடாது என்று ஆணையிட்டது. அப்போது நாடெங்கும் விற்காமல் நின்றவை ஏறத்தாழ 8.24 இலட்சம் வண்டிகள், அவற்றுள் 6.71 இலட்சம் இருசக்கர வண்டிகள். எஞ்சிய இரண்டு நாளில் விற்பனையகங்கள் விலையைக் குறைத்து விற்ற காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். நீதிமன்றம் உடல்நலத்தை முன்வைத்தது, அது சரியே. எனினும், நாளைச் சொன்னவர்கள் பொருளையும் ஐயமறச் சொல்லியிருந்தால் அந்த நெருக்கடி பெரிதும் குறைந்திருக்கும். அடுத்த உயர்வில் அது திருந்தியது. ஐந்தாம் நிலையைத் தாண்டி 2020 ஏப்ரலில் ஆறாம் நிலைக்கே செல்வது என்று 2016இல் அறிவித்தனர். அந்நாளுக்குப் பின் நான்காம் நிலை வண்டியை விற்கவும் கூடாது என்பதை 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இந்த ஒப்புமையில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நிலை வண்டியை முன்பே வாங்கிப் பதிவு செய்தவர் 2017க்குப் பின்னும் அதனை ஓட்டினார். உயர்ந்தது விற்பனையின் கீழெல்லை. ஓட்டத்தின் கீழெல்லை அன்று. மென்பொருளிலும் கட்டுமானக் கருவியின் கீழெல்லையை உயர்த்துவதால், முன்பே கட்டி முடித்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு எத்தீங்கும் இல்லை. மூல நிரலிலிருந்து தாமே கட்டுவோர்க்கே அது தடை. அவர்கள் தொகையில் சிறியவர். ஆனால் அவர் யார் என்று பார்த்தல் வேண்டும்.

கீழெல்லைக்குக் கீழே நிற்போர்

ஒரு சாரார் தொழிற்சாலைப் பொறிகளுக்கும் வண்டிகளுக்கும் மென்பொருள் எழுதுவோர். சோதித்துச் சான்று பெற்ற தொகுப்பியை மாற்றினால் சோதனை முழுவதையும் மீண்டும் செய்ய நேரும் என்பதால், அவர்கள் கருவிகளைப் பல்லாண்டு அப்படியே வைத்திருப்பர். அவர்கள் கீழே நிற்பது தாமே விரும்பி ஏற்ற நிலை. பொருளும் ஆளும் அவர்களிடம் உண்டு. அவர்களுக்காகத் திறமூலத் தன்னார்வலர் வருந்த வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம்.

மற்றொரு சாரார் மாணவர். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் முதன்முதல் கணினி கண்ட குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினியைத் தம்பி பயன்படுத்துவான். கல்லூரிக் கூடத்துக் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல் மாணவரிடம் இராது. 2018இன் உபுண்டுவுக்கு வழக்கமான ஆதரவு 2023இல் முடிந்துவிட்டது. புதியதை நிறுவுங்கள் என்று சொல்வது எளிது. நிறுவும் உரிமை இல்லாதவனிடம் அதைச் சொல்லிப் பயன் யாது?

நல்வாய்ப்பாகக் கருவிகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. தொகுப்பியின் கீழெல்லை உயர்ந்தால் மாணவர் பாடு கடினம். தொகுப்பியோடு நூலகங்களும் சேர்ந்து மாற வேண்டிவரும். சீமேக் போன்ற கட்டுமானக் கருவி அத்தகையதன்று. கிட்வேர் நிறுவனமே ஆயத்த நிலையில் தரும் கோப்பைப் பதிவிறக்கி, மாணவர் தம் கோப்புறைக்குள்ளேயே விரித்து வைக்கலாம். நிர்வாகியின் இசைவு வேண்டியதில்லை. கணினியில் முன்பிருந்த பழைய கருவியும் கெடாது. ஆகவே ஒரு திட்டத்தை நடத்துவோர் கட்டுமானக் கருவியின் எண்ணை உயர்த்தத் துணிவதில் பெரும் பிழையில்லை. தொகுப்பியின் எண்ணைத் தொடும்போது கை நடுங்கத்தான் வேண்டும். உயர்த்தும்போது, இவ்வாறு விரித்துக்கொள்ளும் வழியை நான்கு வரியில் எழுதி உடன் வைத்தால், கீழே நிற்பவர் மேலே வர ஒரு படி கிடைக்கும். இதனை எழுதி வைக்கும் திட்டங்கள் அரியன.

2018இல் வந்த சீமேக் 3.12 முதல் தலைவரியில் ஓரெண்ணுக்குப் பதில் ஈரெண் எழுதவும் இடமுண்டு: கீழெல்லை ஒன்று, திட்டத்தார் சோதித்துப் பார்த்த மேலெல்லை மற்றொன்று. பழைய கருவி இரண்டாம் எண்ணைக் கண்டுகொள்ளாது. புதிய கருவி அதன் நடைக்கேற்ப நடக்கும். இரு பக்கச் சாவடிக்கும் ஒரே சீட்டு எனலாம்.

நம் மாணவர் அன்று மாலை புதிய சீமேக்கைத் தம் கோப்புறையில் விரித்துக்கொண்டார். தொகுப்பி பழையதாகவே இருந்தும் சொற்பிழை மென்பொருள் கட்டி முடிந்தது. மறு வாரம் தாம் தனியே எழுதிய சிறு நிரலுக்குத் தலைவரி எழுதும் முறை வந்தபோது, நண்பர் சிலர் புதியதையே எழுதச் சொன்னார்களாம். அவர் 3.10 என்று எழுதினார். கூடத்துக் கணினியில் இருந்த பழைய கருவி அதுவே. அதில் கட்டியும் பார்த்துவிட்டார். 3.10க்குக் கீழ்ப்பட்ட எண்களும் இனிக் கைவிடப்படும் என்று 2024 நவம்பரில் வந்த சீமேக் 3.31 எச்சரிக்கத் தொடங்கியிருந்தது, 3.10க்கு அவ்வெச்சரிக்கை இல்லை. தம் கோப்புறையில் விரித்த புதிய கருவியிலும் அதே நிரலை அவர் கட்டினார். திரையில் ஓர் எச்சரிக்கையும் வரவில்லை.